குமுக்கன் ஆற்றங்கரையில் இரண்டு இரவுகள்

‘முகாம்’ என்ற சொல் எங்கள் வாழ்க்கைக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதை இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இராணுவ முகாம், அகதி முகாம், நலன்புரி முகாம், இடைத்தங்கல் முகாம் என்று எந்த அடைமொழியைச் சேர்த்தாலும் எங்கள் காதில் விழுவது ஒன்றுதான். நிவாரண அட்டை, தண்ணீர் பவுசரின் பின்னால் வாளிகளின் வரிசை, மத்தியானத்தில் அனலாய்க் கொதிக்கும் தறப்பாள். கடந்த வருடம் இரண்டாந் தவணை விடுமுறைக்குச் சில மாதங்கள் முன்பு என் மூத்த மகள் பாடசாலையிலிருந்து வந்து, “அம்மா, நாங்களும் காட்டுக்குள்ள முகாம் போட்டுப் படுப்பமா?” என்று கேட்டாள். அவளுக்கு வயது எட்டு. சாரணர் பாசறை போட்ட கதையை யாரோ வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். கறிக்கு மரக்கறி நறுக்கிக் கொண்டிருந்த என் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

நாங்கள் வாகரைப் பக்கத்துக் குடும்பம். 2006 ஆம் ஆண்டு மார்கழியில், எறிகணைகளுக்குத் தப்பிக் காட்டு வழியாக நடந்து வெளியேறிய ஆயிரக்கணக்கானோரில் அம்மாவும் நானும் நான்கு வயதுத் தம்பியும் அடக்கம். அப்பா அதற்கு முதலே காலமாகிவிட்டார். எனக்கு அப்போது பதினேழு வயது. வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு முகாமில் எட்டு மாதங்கள், நீல எழுத்துப் போட்ட வெள்ளைத் தறப்பாளின் கீழ் இருந்தோம். பின்னர் உயர்தரம் எடுத்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, இன்று பெண்களோடு வேலை செய்யும் ஒரு சமூகப் பணியாளராக இருக்கிறேன். மகளுக்கும் ஐந்து வயது மகனுக்கும் காடு என்றால் தொலைக்காட்சியில் வரும் யானை மட்டுமே.

போவதா விடுவதா என்று வீட்டில் இரண்டு கிழமை பேசினோம். காசு முதல் பிரச்சினை. நான் சேர்ந்திருந்த சீட்டு, மாதம் 5000 ரூபா வீதம் 10 பேர் போடுவது, ஆடி மாதத்தில் எனக்கு விழுந்தது. வழமையாக அது கூரைத் தகடாகவோ வங்கிக் கடனாகவோ மாறும். இந்தமுறை பாதியை எடுத்து வைத்தேன். மீதிச் செலவுக்கு எதிர்வீட்டு அக்காவையும் சேர்த்துக் கொண்டோம். அவருடைய கணவர் 2008 இல் வேலைக்குப் போனவர், இன்றுவரை வரவில்லை. பதினேழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். “நான் பஸ்ஸில தூரம் போனதெல்லாம் விசாரணைக்கும் பதிவுக்கும்தான் புள்ள. ஒருக்காச் சும்மா போய்ப் பார்ப்பம்” என்றார். இந்தச் ‘சும்மா’ என்ற சொல்லை நான் பல நாள் யோசித்துக் கொண்டிருந்தேன்.

பெண்களுக்கெதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயத்தை, நாங்கள் ‘சீடோ’ என்று சொல்வதை, இலங்கை 1981 இல் ஏற்றுக் கொண்டது. அதன் 13 ஆம் உறுப்புரை பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் கலாசார வாழ்விலும் பங்குபற்றும் உரிமையைப் பெண்ணுக்கு உறுதி செய்கிறது. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் சிறுவருக்குள்ள உரிமையைச் சொல்கிறது. இரண்டையும் பயிற்சிப் பட்டறைகளில் நான் படிப்பித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், 13 வரும்போது நேரம் போய்விடும், ‘இதை வீட்டில் வாசியுங்கள்’ என்று தேநீருக்கு எழும்பிவிடுவோம். வன்முறை, காணி, ஜீவனோபாயம் எல்லாம் முடிந்த பிறகு வருவதுதான் ஓய்வு என்ற எண்ணம் எங்கள் நிறுவனங்களுக்கும் உண்டு, எங்கள் பெண்களுக்கும் உண்டு. அவை முடிவதுமில்லை.

இடம் குமண தேசியப் பூங்கா என்று முடிவானது. மட்டக்களப்பிலிருந்து கரையோர வீதியால் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி கடந்து பொத்துவில். அங்கிருந்து அறுகம்குடாவையும் பாணமையையும் தாண்டினால் உகந்தை. உகந்தை முருகன் கோயிலடியில்தான் பூங்காவின் வாசல். முன்னர் இது கிழக்கு யால என்று அழைக்கப்பட்டது. 2006 இல் குமண என்று பெயர் மாறியது. போர் காரணமாக 1985 இல் மூடப்பட்ட பூங்கா 2003 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பதினெட்டு வருடங்கள்! கிழக்கில் ஒரு தலைமுறை முழுவதும் தன் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டைப் பாராமலே வளர்ந்தது.

பூங்காவுக்குள் இரவு தங்க விரும்புவோர் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கூடாரத் தளத்தைப் பதிவு செய்ய வேண்டும். நினைத்தவுடன் போய் நிற்க முடியாது. தளம் என்றால் வெறும் மரநிழல்தான். மின்சாரம், குழாய், கட்டடம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நாங்களே கொண்டு போக வேண்டும். குப்பை முதற்கொண்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவர் கூடவே தங்குவார். பாணமையில் ஒரு ஜீப்பை வாடகைக்குப் பேசினோம். கூடாரங்கள் இரண்டும் என் கணவரின் நண்பர் ஒருவரிடம் இரவல்.

அம்மா வரமாட்டேன் என்றுதான் நின்றார். “தறப்பாளுக்குள்ள திரும்பவும் என்னப் படுக்கச் சொல்றயா?” என்று ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான். நான் வற்புறுத்தவில்லை. உளசமூகப் பணியில் பல வருடம் இருப்பவள் என்ற வகையில் சொல்கிறேன், ‘போனால் பயம் தெளியும்’ என்று ஒருவரைப் பிடித்துத் தள்ளுவது எந்த வைத்தியமும் இல்லை. கடைசியில், “உகந்தை மட்டும் வாறன். முருகனக் கும்பிட்டுட்டு மடத்தில இரிக்கன். நீங்க போயிட்டு வாங்க” என்று இறங்கி வந்தார்.

போகும் வழியில் ஒன்றைக் கவனித்தேன். என் பிள்ளைகள் வீதியோரத்தில் மயில்களை எண்ணினார்கள். அம்மா அதே வீதியை ஆண்டுகளால் எண்ணினார். இந்த ஊர் தொண்ணூறில் எரிந்தது, இந்தக் கரையைச் சுனாமி கொண்டு போனது, இந்தச் சந்தியில் பஸ்ஸால் இறக்கிச் சோதித்தார்கள். எதிர்வீட்டு அக்கா எதுவும் பேசவில்லை. மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தார். சாப்பாடாக்கும் என்று நினைத்து என் மகன் தொட்டுப் பார்த்தான். பைல். அடையாள அட்டைப் பிரதி, பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், கணவரின் படம், முறைப்பாட்டு இலக்கங்கள். “வீட்ட விட்டு வெளிக்கிட்டா இது இல்லாமப் போக மனம் வராது” என்றார். விடுமுறைக்குப் போகும்போதும் அந்தப் பைல் வந்தது, காட்டுக்குள்ளும் வந்தது, இரண்டு இரவும் அவர் தலைமாட்டில் இருந்தது.

உகந்தையில் அம்மா வேறு ஆளாகத் தெரிந்தார். கடற்கரைப் பாறைகளைக் காட்டி, முருகன் கல்லோடத்தில் வந்திறங்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். மலை மேல் வள்ளியம்மன் கோயிலுக்கு முதல் ஆளாக ஏறினார். கிழக்கிலுள்ள வாசகிகளுக்குத் தெரியும், கதிர்காமத்துக்குக் காட்டு வழிப் பாதயாத்திரை போகிறவர்கள் கூடி நிற்கும் இடம் உகந்தை. கொடியேற்றத்துக்கு முன்னர் பூங்காவின் கதவு அடியார்களுக்குத் திறக்கப்படும். வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று தங்கித் தங்கி, குமணயையும் யாலவையும் ஊடறுத்து நடப்பார்கள். போர்க் காலத்தில் பல வருடங்கள் தடைப்பட்ட இந்த யாத்திரையில் அண்மைய ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம், கைக்குழந்தையோடு வருகிறவர்களும் உண்டு. சாரணர் புத்தகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் பெண்கள் இந்தக் காட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்து, மரத்தடியில் சேலை விரித்துப் படுத்தவர்கள்.

அம்மாவும் அப்படி நடந்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில், 1980 இல், தன் அம்மம்மாவோடு. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு தடவை கூட அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. 2006 இன் காடு இடையில் வந்து நின்று அந்தக் காட்டை மறைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

வாசலில் பதிவு செய்து கொண்டிருக்கும்போது எங்கள் வழிகாட்டி வந்தார். பாணமையைச் சேர்ந்த இளைஞர். பாணமையில் சிங்களமும் தமிழும் கலந்த குடும்பங்கள் பல உண்டு, இவரும் இரண்டையும் கலந்தே பேசினார். அம்மாவை “அம்மே” என்று அழைத்தார். கூடாரத் தளம் கும்புக்கன் ஓயாக் கரையில் என்று அவர் சொன்னதும் அம்மா நிமிர்ந்தார்.

“குமுக்கனா? தண்ணி ஓடுதா தம்பி?”

“கொஞ்சம் ஓடுது அம்மே. சில இடம் மணல்.”

அம்மா ஒன்றும் பேசாமல் ஜீப்பில் ஏறிப் பின் இருக்கையில் அமர்ந்துவிட்டார். யாரும் எதையும் கேட்கவில்லை. என் கணவர் மட்டும் அம்மாவின் பையை மடத்திலிருந்து எடுத்துவர ஓடினார்.

பூங்காவைப் பற்றி அதிகம் எழுதினால் பக்கம் போதாது. குமண வில்லுவைப் பார்த்தோம். கடலோரத்தில் சுமார் 200 ஹெக்டேயர் சதுப்பு நிலம். கும்புக்கன் ஓயாவின் தண்ணீர் ஒடுக்கமான ஒரு வாய்க்காலால் அதற்குள் வந்து சேர்கிறது. அதைச் சுற்றிய பிரதேசம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. பங்குனி, சித்திரை தொடங்கிச் சில மாதங்கள் பறவைகள் கூடு கட்டும் காலம். நாங்கள் போனபோது அந்தக் காலம் ஓய்ந்திருந்தாலும் நாரைகளும் கூழைக்கடாக்களும் நிறைய நின்றன. என் மகனுக்குப் பறவைகளை விடச் சேற்றில் கிடந்த எருமைகள்தான் பிடித்தன. ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது என்ற விதி ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய சிறை. மூத்திரம், தாகம், மூத்திரம் என்று மாறி மாறிக் கேட்டான். சிறு பிள்ளைகளோடு போகும் தாய்மார், அரை நாளுக்கு மேல் ஜீப்பில் சுற்றும் திட்டம் போடாமல் விடுவது நல்லது.

தளம் அழகான இடம். ஆற்றின் இரு கரையும் பெரிய மருத மரங்கள். ஆறு சுருங்கி, அகன்ற மணலுக்கு நடுவில் முழங்காலளவு தண்ணீராக ஓடியது. அக்காவின் மகன் கூடாரங்களை அடித்து முடித்தான். சமையல் பற்றிப் புறப்படும் முன்பே பேசித் தீர்த்திருந்தோம். ஆர்லி ஹொக்‌ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989 இல் எழுதிய நூலொன்றில், வேலைக்குப் போகும் பெண் வீட்டுக்கு வந்து இன்னொரு முழு வேலை செய்வதை ‘இரண்டாவது வேலை முறை’ என்று அழைத்தார். கூடாரம் போட்டுச் சுற்றுலா போகும் பெண்ணுக்கு மூன்றாவது முறையும் உண்டு: வீட்டில் குழாயும் அடுப்பும் வைத்துச் செய்ததைக் காட்டில் அவை இல்லாமல் செய்வது. ஆகவே ஆண்கள் சமைப்பது என்பது ஒப்பந்தம். சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும். குழம்பில் உப்பு அதிகம். ஒப்பந்தத்தில் ருசி பற்றி ஒன்றும் இருக்கவில்லை.

மாலையில் பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். முதலை இல்லாத தெளிந்த இடம் பார்த்து வழிகாட்டி எல்லை காட்டிவிட்டார். அம்மா கரையிலிருந்து இறங்கி வந்து, தண்ணீரிலிருந்து நாலு முழம் தள்ளிக் குந்தியிருந்து, கைகளால் மணலைத் தோண்ட ஆரம்பித்தார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முழங்கை ஆழத்துக்கு வந்ததும் அடியில் ஈரம் சுரந்தது. முதலில் கலங்கல். அதைச் சிரட்டையால் இறைத்து ஊற்றினார். மறுபடி சுரந்ததையும் இறைத்தார். மூன்றாந் தரம் வந்த தண்ணீரில் மகளின் முகம் தெரிந்தது.

“இதுதான் ஊத்து. ஆத்துத் தண்ணி கலங்கி இரிந்தாலும் மணல் வடிச்சுத் தரும். என்ட அம்மம்மா எனக்குக் காட்டித் தந்தா, இந்த ஆத்திலதான்” என்றார்.

எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இதே கைகள் இப்படித் தோண்டியதை நான் பார்த்திருக்கிறேன். 2006 மார்கழி மழையில் காட்டாறு முழுவதும் செம்மண்ணாய்க் கலங்கி ஓட, தம்பி தண்ணீர் கேட்டு அழ, அம்மா கரையோர மணலில் ஊற்றுத் தோண்டிப் போத்தல் மூடியால் அவனுக்குப் பருக்கினார். அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று அப்போது கேட்க நேரமில்லை. பிறகு கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைகள் இருட்டும் வரை ஒன்பது ஊற்றுகள் தோண்டினார்கள்.

ஐந்து மணிக்கு என் கணவர் தேநீர் தந்தார். சற்று நேரத்தில் பார்த்தால் அம்மா தன் கோப்பையை மருத மரத்தின் வேரடியில் மெல்லச் சரித்து ஊற்றிக் கொண்டிருந்தார்.

“ஏன் அம்மா, குடிக்கல்லயா?”

“வேணாம் மனே. இனி ராவுதானே.”

திரும்பினால், எதிர்வீட்டு அக்காவின் கோப்பையும் தொடாமல் ஆறிக் கிடந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். இருவரும் வெவ்வேறு முகாம்களில் இருந்தவர்கள்.

சகோதரிகளே, உங்களில் பலருக்கு இது புரிந்திருக்கும். முகாமில் மலசலகூடம் தொலைவில். விளக்கு இல்லை, கதவுக்குக் கொழுக்கி இல்லை, போகும் வழியில் ஆண்கள் நிற்பார்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் குடிக்கக் கொடுக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சிறுநீர்த் தொற்றோடு வந்த எத்தனை பெண்களை நான் பின்னாளில் வேலையில் சந்தித்தேன்! முகாம் மூடப்பட்டுப் பதினேழு, பதினெட்டு வருடங்களாகின்றன. ஆனால் கூடாரத்தைக் கண்டதும் உடம்பு தானாகவே தண்ணீரை நிறுத்திக் கொள்கிறது.

வழிகாட்டியிடம் போய் நேரடியாகவே கேட்டேன். பெண்கள் இரவில் எழும்ப வேண்டி வந்தால் என்ன ஏற்பாடு என்று. குழி வெட்டிச் சாக்குக் கட்டி மறைப்புச் செய்திருந்தோம், தளத்திலிருந்து முப்பது அடி தூரம். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: எத்தனை மணியானாலும் தன்னை எழுப்ப வேண்டும், தனியாக எவரும் போகக் கூடாது, யானை நிற்கலாம், எல்லோரும் பலத்துக் கதைத்துக் கொண்டு போக வேண்டும். எட்டு மணிக்கு முதல் தரம் போனோம். அம்மா, அக்கா, நான், மகள், வரிசையாக. மகளுக்கு அது விளையாட்டு. பாடசாலைப் பாட்டை உரத்துப் பாடிக் கொண்டு வந்தாள். வழிகாட்டி எங்களுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு, ரோச் லைட்டைக் காட்டுப் பக்கம் அடித்தபடி, நாங்கள் திரும்பி வரும் வரை அசையாமல் நின்றார்.

“நல்ல புள்ள” என்றார் அம்மா. வந்து அரைக் கோப்பை தண்ணீர் குடித்தார். அக்கா முழுக் கோப்பை.

படுக்கும் நேரம் அம்மா கூடாரத்துக்குள் தலையை நீட்டினார், உடனே எடுத்துவிட்டார். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த நைலோனின் மணம். எனக்கும் அந்த மணம் தெரியும். வெளியில் பாய் போட்டுப் படுக்கவா என்று கேட்டார், வழிகாட்டி ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஜீப்பின் பின் இருக்கை என்று முடிவானது. பிள்ளைகள் தகப்பனோடு கூடாரத்தில் உறங்க, நான் அம்மாவோடு ஜீப்பில் இருந்தேன்.

நள்ளிரவுக்குப் பிறகு, ஆற்றின் அக்கரையில் ‘படார்’ என்று ஒரு சத்தம். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பற்றியது. நகம் பதிந்தது. நானும் குனிந்துவிட்டேன், தலை தானாகவே இருக்கைக்குக் கீழே போனது. அப்போது கூடாரத்துக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது, பயமே இல்லாமல், ஆசையோடு: “அப்பா, யானை கிளை முறிக்குது!” வழிகாட்டி இருட்டிலிருந்து, “அலியா, அலியா. போயிரும்” என்றார். பாலை மரத்தையோ எதையோ முறித்துத் தின்றுவிட்டு, தண்ணீரில் கால்களை இழுத்து நடக்கும் சத்தத்தோடு அது போய்விட்டது. ஒரே சத்தத்தை நாங்கள் இருவரும் வேறாகவும் எட்டு வயதுப் பிள்ளை வேறாகவும் கேட்டோம். அவளுடைய காது எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதன் பிறகு இருவருக்கும் நித்திரை இல்லை. வெகுநேரம் கழித்து அம்மா சொன்னார்:

“ராவைக்குக் கதைச்சுக் கொண்டு போங்க, சத்தம் போடுங்க எண்டு அந்தப் பொடியன் சொல்றான். காட்டுக்குள்ள சத்தம் போடுங்க எண்டு ஒராள் சொல்லி இப்பதான் மனே கேக்கிறன்.”

நான் பேசாமல் இருந்தேன்.

“உன்ட தம்பி அழுதானே, ரெண்டாம் ராவு. இந்தக் கையாலதான் அவன்ட வாயப் பொத்தினன். மூச்சுப் போகுதோ இல்லையோ எண்டு கூடப் பாக்கல்ல. எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க, அவன அடக்கு எண்டு. விடியும் மட்டும் எடுக்கல்ல கைய.”

நான் அந்த இரவில் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். தம்பி உறங்கிவிட்டான் என்று நினைத்திருந்தேன். இன்று அவனுக்கு இருபத்திமூன்று வயது, கட்டாரில் வேலை செய்கிறான், கிழமைக்கு இரண்டு தடவை அம்மாவோடு கதைக்கிறான். அவனுக்கு இது தெரியாது, சொல்லவும் வேண்டாம் என்றார் அம்மா. சில மாதங்கள் கழித்து, ‘சொன்னாச் சொல்லு’ என்றார். இதை எழுதுவதற்கும் அவரிடம் அனுமதி கேட்டுக் கொண்டேன்.

காலையில் மகள் நேராக அம்மாவிடமே கேட்டாள், அம்மம்மா ஏன் ஜீப்பில் படுத்தது என்று. நான் பதிலை எடுத்துக் கொள்ள வாயெடுத்தேன், அம்மா முந்திவிட்டார். “எனக்குக் கூடார மணம் ஒத்து வராது. சண்டைக் காலத்தில இப்பிடித்தான் ஒரு காட்டால நடந்தம், உன்ட மாமாவத் தூக்கிக் கொண்டு. பிறகு கனநாள் தறப்பாளுக்குள்ள இரிந்தம்.”

மகள் யோசித்தாள். “மாமா பாரமா அம்மம்மா?”

“பாரம்தான்.”

“எங்க வச்சுத் தூக்கின?”

அம்மா இடுப்பைத் தொட்டுக் காட்டினார். மகள் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தாள். நாலு எட்டு நடந்து, இருவருமாக மணலில் விழுந்தார்கள்.

பிள்ளைகளுக்குப் போரைப் பற்றி எப்போது, எவ்வளவு சொல்வது என்று பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் கேட்பார்கள். பிள்ளை கேட்ட கேள்விக்கு, கேட்ட அளவுக்கு, பொய் சொல்லாமல் பதில் என்று நான் சொல்வதுண்டு. அம்மா எந்தப் பயிற்சிக்கும் போகாமல் அதைச் செய்தார். வாயைப் பொத்திய கையைப் பற்றி அவர் சொல்லவில்லை. எட்டு வயதுக்கு அது வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் விசேடமாக ஒன்றும் நடக்கவில்லை. அதுவே பெரிய காரியம். அக்கா பகல் முழுவதும் மரநிழலில் படுத்துக் கிடந்தார். “இப்பிடிப் பகல்ல படுத்தது எப்ப எண்டு எனக்கு ஞாபகம் இல்ல” என்றார். அவருடைய மகன் எழுப்பப் போனவன், திரும்பி வந்துவிட்டான். மாலையில் அவர் ஒரு பாட்டை முணுமுணுத்துக் கொண்டு கஞ்சிக்குத் தேங்காய் துருவியது எனக்குக் கேட்டது. ஒப்பந்தப்படி அது ஆண்களின் வேலை என்று ஞாபகப்படுத்தினேன், போடி என்றார். அன்றிரவும் அம்மா ஜீப்பில்தான் படுத்தார். ஆனால் தேநீரைக் குடித்தார், இரவில் இரண்டு தரம் வழிகாட்டியை எழுப்பினார்.

சிறு பிள்ளைகளோடு போக நினைக்கும் தாய்மாருக்குச் சில விடயங்கள் சொல்ல வேண்டும். கூடாரத்துக்குள் சாப்பாடு, பழம், இனிப்பு எதையும் வைக்க வேண்டாம்; மணத்துக்கு மிருகங்கள் வரும். சப்பாத்தைப் போடுமுன் தட்டிப் பார்க்க வேண்டும், தேள் இருக்கும். உண்ணி ஏறும், இரவில் பிள்ளைகளின் காது மடலையும் கழுத்தையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டே படுக்க விடுங்கள். குடிதண்ணீர் ஊரிலிருந்தே தாராளமாகக் கொண்டு போங்கள், ஊற்று விளையாட்டுக்கு இருக்கட்டும். மாதவிடாய் நாட்கள் வந்துவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை; பாவித்தவற்றை மூடிய வாளியில் திருப்பிக் கொண்டுவரலாம். மறைப்பையும் குழியையும் வெளிச்சத்தோடேயே செய்து முடியுங்கள். அதைக் கடைசி வேலையாக ஆண்களிடம் விட வேண்டாம்.

ஊர் திரும்பியதும் எங்கள் மாதர் சங்கத்தில் இதைச் சொன்னேன். “யானை கண்டீங்களா?” என்று ஒருவரும் கேட்கவில்லை. செலவு எவ்வளவு, மலசலகூடம் எப்படி, ஆம்பிளை இல்லாமல் போகலாமா என்று கேட்டார்கள். வயதான ஒருவர், “நாங்க இருந்தது போதாதாகா, காசு குடுத்துமா முகாம்ல இருக்கிற?” என்று சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் கேட்டது நியாயம். வர விரும்பாதவர் வராமலிருக்கும் உரிமையும் 13 ஆம் உறுப்புரைக்குள் அடங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏழு பேர் அடுத்த வருடத்துக்குப் புதுச் சீட்டொன்று தொடங்கியிருக்கிறார்கள். கொப்பியில் முதலாவது பெயர் எதிர்வீட்டு அக்காவுடையது. இரண்டாவதாக அம்மா தன் பெயரை எழுதச் சொன்னார், எழுதிக் கொண்டிருந்த பிள்ளையிடம் பக்கத்தில் ஒரு குறிப்பும் போடச் சொன்னார்: ஜீப்பின் பின் இருக்கை.